மேல் பாதியில் ஒரு விரிசல்

கண்டியில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஏறும் ஒழுங்கையை அப்பா இரண்டு பாதியாகப் பிரித்துத் தார் போடுவித்தபோது எனக்கு ஒன்பது வயது. அவர் வீதி வேலைகளுக்கு மேற்பார்வையாளர். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சரிவுகளில் தார் வெடித்துப் பெயர்வது அவருக்குச் சொந்தத் துக்கம் போலிருந்தது. ஆகவே ஒரு பாதிக்கு வெறும் தார். மற்றதற்கு, கலகெதரப் பக்கமிருந்து வந்த இறப்பர் பால் கலந்த தார். எது எந்தப் பாதி என்று எவருக்கும் சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்து பார்வையிட வரும் எஞ்சினியருக்குக்கூட, விரிசல்களை எண்ணி எழுதிய பிறகே சொல்வதாக ஏற்பாடு. தெரிந்துகொண்டு பார்த்தால் கண் ஒரு பக்கம் சாயுமாம். இறப்பர் பாதி தாங்கினால் மலைவீதி முழுவதற்கும் அதையே போடுவார்கள்.

"இந்த மனுசன் சோத்துக்கு உப்புப் போட்டதோ எண்டு கேளாது. தாருக்கு என்ன போட்டது எண்டுதான் கேக்கும்" என்று அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்வார்.

மேல் பாதிதான் அப்பாவுடைய இறப்பர் பாதி என்று நானே ஆராய்ந்து முடிவு செய்திருந்தேன். தினமும் சைக்கிளை நிறுத்திவிட்டு அதைத்தான் அவர் குனிந்து பார்ப்பார். எஞ்சினியர் வருவதற்கு முதல் நாள் பாடசாலை விட்டு வந்தால், அந்தப் பாதியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். கீழ்ப் பாதியில் ஒன்றுமில்லை. ஓரத்தில் வெயிலுக்கு இளகிக் கிடந்த தார்க் கட்டியைக் கிள்ளி, விரிசலுக்குள் பெருவிரலால் அழுத்தி, மேலே தூசி தூவினேன். தேங்காயெண்ணெய் போட்டு உரசியும் நகக்கண் கறுப்பாகவே இருந்தது.

மறுநாள் எஞ்சினியர் எண்ணினார். மேலே பூச்சியம், கீழே பூச்சியம். அப்பா அந்த இடத்தில் குந்தித் தூசியை ஊதிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, என் பெருவிரலைத் தாரில் பதிந்திருந்த அடையாளத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. இங்கே விரிசல் இருந்தது, மகள் மூடிவிட்டாள், எது எந்தப் பாதி என்று தெரிந்த என் சொல்லை வைத்து எண்ணக்கூடாது, இந்த எண்ணிக்கை செல்லாது, இன்னொரு மழைக்காலம் பார்ப்போம் என்று எஞ்சினியருக்குச் சிங்களத்தில் சொன்னார். எஞ்சினியர் சிரித்துக்கொண்டே கொப்பியை மூடினார்.

வீட்டுக்கு ஏறும்போது அப்பா கேட்டார்.

"மேல் பாதிதான் என்ரை எண்டு ஆர் பிள்ளை சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாக் கண்டுபிடிச்சனான்."

அப்பா நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஒரு வருடத்தை இழந்தவருக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு மேல் பாதி மூன்று இடங்களில் வெடித்தது. கீழ்ப் பாதி அப்படியே இருந்தது. எஞ்சினியர் எழுதி முடித்த பிறகே அப்பா வாய் திறந்தார்: இறப்பர் கலந்தது கீழ்ப் பாதி. நான் ஒட்டிக் காப்பாற்றியது வெறும் தாரை. தினமும் அவர் குனிந்து பார்த்தது அது எப்போது வெடிக்கும் என்றுதான். மலைவீதியில் இறப்பர் தார் ஏறியது. அம்மா பாயாசம் காய்ச்சினார்.

நான் மூடிய விரிசலையும் எண்ணுங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அப்பா முதல் வருடமே வென்றிருப்பார். அது தெரிந்த பிறகும், அவருக்குக் கெட்டித்தனம் போதாது என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.