வேலியைத் திருப்பி நட்டவர்

சுன்னாகம் சந்தையில் வெங்காயத்துக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றபோது சாவுச் செய்தி வந்தது. எங்கள் ஊர் வண்டிக்காரர் மாட்டை அவிழ்க்காமலே இறங்கி ஓடி வந்தார். "ரீச்சர், உங்கடை மச்சாள் மோசம் போயிட்டா. விடியவாம்," என்றார். நெருப்புக்காய்ச்சலில் படுத்திருந்தவர் முதல் நாள் பின்னேரம் எழுந்திருந்து கஞ்சி குடித்து என்னோடு கதைத்தவர். தேறிவிட்டார் என்று நம்பித்தான் சந்தைக்கு வந்திருந்தேன். கையிலிருந்த பையை எங்கே வைத்தேன் என்று இன்றும் தெரியாது.

பாக்கியம் என் தம்பியின் மனைவி. அதற்கு முன்பே என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இதை வாசிக்கும் பலர் அவருடைய வகுப்பில் இருந்தவர்கள். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பாரே, அந்த நிற்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. அவருடைய கல்யாணம் குழம்பப் பார்த்ததற்கு ஊர் பல காரணம் சொன்னது. பெண்ணுக்கு விசர், பைத்தியம் என்றார்கள். வேறு எவரிலோ மனம் என்றார்கள். நடந்தது எனக்குத் தெரியும். அதைப் பெருமையோடுதான் சொல்லப்போகிறேன். அடக்கம் வேண்டியவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் பகுதியில் வருஷத்துக்கு ஒரு முறை வேலி அடைக்கிறோம். பழைய கிடுகோலையைக் கழற்றி, உக்கிப்போன கதியால் தடிகளைப் பிடுங்கி, புதிய தடிகளை நடுகிறோம். அந்தச் சாட்டில் தடி நாலு விரல் அங்காலே போகும். அடுத்த வருஷம் இன்னும் நாலு விரல். இதற்குக் களவு என்று ஒருவரும் பெயர் வைக்கவில்லை. "வேலி கொஞ்சம் சரிஞ்சு போச்சுது," என்பார்கள், ஏதோ காற்றடித்துச் சரிந்ததுபோல. பாக்கியத்தின் தகப்பனார் விசுவலிங்கத்தார் பெரிய புகையிலைத் தோட்டக்காரர். கோயில் காரியமென்றால் முன்னுக்கு நிற்பவர். அவருடைய வேலி வருஷந்தோறும் கிழக்குப் பக்கமாகவே சரிந்தது. அந்தப் பக்கம் தெய்வானை என்ற விதவைப் பெண்ணின் வளவு. அவருக்காக நீதிமன்றம் ஏற ஆண் துணையும் இல்லை, வழக்குப் பேசும் பிரக்கிராசிக்குக் கொடுக்கக் காசும் இல்லை. "போனது அந்தப் பனையோடை போகட்டும். வழக்கோடை என்னாலை போகேலாது," என்று சொல்லிக்கொண்டு அவர் பேசாமல் இருந்தார்.

என் தம்பிக்குப் பாக்கியத்தைப் பேசி முடித்திருந்த காலம். கூலி வேலைக்கு வந்த முத்தன் என்பவர் விசுவலிங்கத்தாரின் தோட்டத்தில் ஒரு வாழைக்குலையை வெட்டி எடுத்துப் பிடிபட்டார். விசுவலிங்கத்தார் அவரை வேலியோரத்துப் பனையில் கட்டிவைத்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பாக்கியம் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். அது தெய்வானையின் பனை. சின்ன வயதில் வேலியில் நாய் போகும் பொட்டுக்குள்ளால் நுழைந்து, "மாமி, பழம் பொறுக்கட்டோ?" என்று கேட்டுப் பனம்பழம் பொறுக்கிய மரம். இப்போது அது இவர்களுடைய பக்கத்தில் நின்றது.

கயிற்றை அவர் அவிழ்த்துவிட்டதையும் தகப்பனார் சத்தம் போட்டதையும் அயலெல்லாம் கண்டது. மறுநாள் இடைவேளையில் பாக்கியம் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அக்கா, களவெடுத்தவனைக் களவெடுத்த மரத்திலை கட்டியிருக்கு. என்ன நியாயம் இது?"

அந்தத் தோட்டம்தான் அவருக்குச் சீதனம். எனக்குப் பயம் பிடித்தது. "பாக்கியம், உதை இப்ப கிளறாதையும். கலியாணம் முடியட்டும், பிறகு நீரும் தம்பியும் பாத்துச் செய்யுங்கோ," என்றேன்.

"முடிஞ்சாப் பிறகு அது என்ரை களவு அக்கா. இப்பதான் ஐயாவின்ரை," என்றார்.

சீதன உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசு வந்த நாளில் இரண்டு வீட்டாரும் கூடியிருந்தோம். என் தாயார் முன்வரிசையில் இருந்தார். காணி விஷயமென்றால் அவருக்குக் காது கூர்மை. நொத்தாரிசு எல்லைகளை வாசித்துக்கொண்டு வந்து, கிழக்கு எல்லை வேலி என்றதும், பெண்கள் நின்ற இடத்திலிருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது.

"அந்த வேலி இடம் மாறி நிக்குது. பழைய இடத்தை எழுதுங்கோ."

"உள்ளுக்குப் போ, பிள்ளை," என்றார் விசுவலிங்கத்தார்.

"ஐயா, அந்தப் பனை எங்கடை காணிக்கு நடந்து வந்ததோ?"

பின்னாலிருந்த யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. விசுவலிங்கத்தார் எழுந்தார். "ஊரெல்லாம் செய்யிறதைத்தானே நானும் செய்தனான்! ஆருக்காகச் செய்தனான்? உனக்காகத்தானே!" என்று கத்திவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கிப் போனார். நொத்தாரிசு பேனையை மூடினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் தாயார் புறுபுறுத்தார். தகப்பனைச் சபையில் அவமானப்படுத்தினவள் நாளைக்கு மாமியை என்ன செய்யமாட்டாள் என்றார். குறைந்த காணிக்குத் தன் பிள்ளையைக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். இரண்டாவதுதான் உண்மையான வருத்தம். தம்பி ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தான். அவன் பேசாதிருப்பதைச் சம்மதம் என்று எடுப்பது அம்மாவின் பழைய பிழை. அடுத்த நாள் அவன் கிடங்கு தோண்டும் அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு விசுவலிங்கத்தாரின் படலையில் போய் நின்றான். "மாமா, வேலியை ஆர் பிடுங்கிறது? நீங்களோ நானோ?" என்று கேட்டான். கல்யாணத்துக்கு முன்னரே மாப்பிள்ளை வேலி அடைக்க வந்தான் என்று அந்த வருஷம் முழுக்கச் சந்தையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் தம்பி மாதிரி ஒரு மாப்பிள்ளையை அவர்களில் எவர் கண்டது?

வேலிக்கு அங்காலேயிருந்து தெய்வானை ஓடி வந்து பாக்கியத்தின் கையைப் பிடித்தார். "விடு பிள்ளை. நான் கேக்கேல்லையே. உன்ரை கலியாணமெல்லோ குழம்பப் போகுது!"

"குழம்பினாக் குழம்பட்டும், மாமி. நீங்கள் கேக்காததாலை அது எங்கடை ஆகுமோ?"

ஊர் பார்த்துக்கொண்டிருக்க விசுவலிங்கத்தார் தடுக்கவில்லை; தம்பியும் பாக்கியமும் தடி பிடுங்கி நட, வேலி பழைய இடத்துக்குப் போனது. உறுதி எழுதப்பட்டது, கல்யாணமும் நடந்தது. விசுவலிங்கத்தார் கையெழுத்து வைத்தார், தாரை வார்த்தார், மகளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மகளுடைய வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. பாக்கியம் பொங்கலுக்குப் பொங்கல் தாய்வீட்டுக்குப் போவார். ஐயா மற்றத் தோட்டத்தில் என்று அவருடைய தாயார் சொல்லுவார். ஐயா தோட்டத்தில் இல்லை, அறைக்குள் இருக்கிறார் என்பது இவருக்கும் தெரியும். ஒரே ஒரு தரம் பாக்கியம் என் முன்னால் அழுததைக் கண்டேன். "நான் வேலியைத்தானே அக்கா தள்ளினனான். ஐயாவையில்லையே," என்றார். செய்ததற்காக வருந்துகிறீரோ என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்லை. ஆனா நோகுது," என்றார். நியாயம் செய்தவருக்கு நோகாது என்று புத்தகத்தில் எழுதுகிறவர்கள் பாக்கியத்தைக் கண்டிருக்க வேண்டும்.

செத்தவீட்டுக்கு விசுவலிங்கத்தார் வந்தார். பொல்லை ஊன்றிக்கொண்டு, ஒருவருடைய கையையும் பிடிக்காமல், மகளுடைய வீட்டுப் படியில் அன்றுதான் முதல் தரம் ஏறினார். ஒப்பாரி வைத்த பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மகளின் தலைமாட்டில் தெய்வானை இருந்தார். அவருக்கு முன்னால் போய் நின்றார் கிழவர்.

"தெய்வானை, நான் களவெடுத்தனான். என்ரை பிள்ளை அதைத் திருப்பித் தந்தவள்."

ஊர் முழுவதும் கேட்டது. 'சரிஞ்சு போச்சுது' என்று அவர் சொல்லவில்லை. தெய்வானை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எனக்கேன் அண்ணை சொல்லுறியள்? அவளிட்டைச் சொல்லுங்கோ."

விசுவலிங்கத்தார் மெல்லக் குந்தி, மகளின் காதருகே குனிந்தார். நெடுநேரம் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பாக்கியத்துக்கும் கேட்கவில்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. முதல் நாள் வந்திருந்தால், அவர் எழுந்திருந்து கஞ்சி குடித்த நேரத்தில் வந்திருந்தால், கேட்டிருப்பார்.

பாக்கியம் எங்கள் குடும்பத்துக்கு வந்தவர் என்பது எனக்குள்ள பெருமை, அது குறையாது. என் தாயாரும் இப்போது அதையே சொல்லிச் சொல்லி அழுகிறார். பாக்கியம் கடைசிவரை ஒரு வழக்கம் வைத்திருந்தார். தங்கள் வேலிக்குத் தடி நடும்போது சொந்த வளவில் நிற்க மாட்டார். அயல் வளவுக்குள் போய் நின்றுதான் பார்ப்பார். வருகிற மாதம் எங்கள் வீட்டு வேலி அடைப்பு. எங்கள் வேலியும் இத்தனை வருஷத்தில் ஒரு பக்கமாகவே சரிந்து வந்த வேலிதான். அடுத்த வீட்டுக்காரியிடம் நேற்றுப் போய், தடி நடும் அன்று அவருடைய வளவில் நிற்க எனக்கு ஓர் இடம் கேட்டுவிட்டு வந்தேன்.