சைக்கிள் கொட்டகையில் ஒளியியல்

"சுகாதாரப் பயிற்சியும், மாணவரிடம் கனிவும், குன்றாத பொறுமையும் வாய்ந்த மூத்த ஆசிரியர்." 1981இல் மெட்ராஸ் ஐ காரைக்காலைப் பிடித்து ஆட்டியபோது, எங்கள் கல்லூரியின் கண்நோய்த் தடுப்புப் பொறுப்பாளரைச் சுற்றறிக்கை இப்படித்தான் வர்ணித்தது. அது குறிப்பிட்டது இயற்பியல் துறை இசபெல்லாவை. வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். சுகாதாரப் பயிற்சி என்றால் சிறுவயதில் அம்மை குத்திக்கொண்டதுதான். பொறுமையைப் பற்றி அவரிடம் படித்தவர்களைக் கேட்காமலிருப்பது நல்லது.

கண் சிவந்தவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், இதுதான் பொறுப்பு. வகுப்பாசிரியரும் அவரே என்பதால், அனுப்பியவனுக்கு ஆப்சென்ட் போட வேண்டியவரும் அவரே. முக்கால் பங்கு வருகை இல்லாவிட்டால் பருவத் தேர்வு எழுத முடியாது. ஆகவே நோயை ஒழிக்க வந்த உத்தரவு நோயை ஒளிக்கக் கற்றுக்கொடுத்தது.

ஊருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: நோய்க்காரன் கண்ணைப் பார்த்தால் தொற்றும், கறுப்புக் கண்ணாடி போட்டால் தொற்றாது. மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஜெய்னுலாபுதீனிடம் ஒரு கண்ணாடி இருந்தது. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. தாராள மனசுக்காரன். சிவந்த கண்ணோடு வந்தவனுக்கெல்லாம் ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்தான். வாங்கியவன் மூக்கில் மாட்டி, கண்ணைக் கசக்கி, துடைக்காமல் அடுத்தவனிடம் கொடுத்தான். ஒரே வாரத்தில் பாதி வகுப்பு சிவந்துவிட்டது.

இசபெல்லா அப்போது நடத்திக்கொண்டிருந்தது ஒளியியல்.

"கண்ணுக்குள்ள வெளிச்சம் போவுது. கண்ணுலேர்ந்து ஒண்ணும் கெளம்பி வராது. கையில ஒட்டுது, துண்டுல ஒட்டுது, அந்தப் பாழாப்போன கண்ணாடில ஒட்டுது. புரியுதா?"

"புரியுது மிஸ்" என்றார்கள், சுவரைப் பார்த்தபடி. எழுதிக்கொள்ளவும் செய்தார்கள்.

அன்று கண்ணாடி போடுவது மருதையன் முறை. விழிதியூர் விவசாயக் குடும்பம். குறுவை அறுப்புக்காக ஏற்கனவே நிறைய நாள் வரவில்லை. இன்னும் நாலு நாள் போனால் தேர்வு போய்விடும், ஒரு வருடமும் கூடவே போய்விடும்.

"கழட்டுப்பா."

"வெயிலு மிஸ்."

"வகுப்புக்குள்ள உனக்கு மட்டும் என்னடா வெயிலு? கழட்டு!"

கழற்றினான். இரண்டு தக்காளி.

"அனுப்பிடாதீங்க மிஸ். ஒரு வருசம் திரும்பப் படின்னா எங்கப்பா ஏர் புடிக்க இழுத்துட்டுப் போயிருவாரு."

இசபெல்லா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கண் சிவந்தவர்கள் அத்தனை பேரையும் எழுப்பி, ஜன்னலுக்கு வெளியே இருந்த சைக்கிள் கொட்டகைக்கு ஓட்டினார். கரும்பலகையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, உள்ளே பாதி, வெளியே பாதியாகப் பாடத்தைத் தொடர்ந்தார். வருகைப்பதிவு இரண்டு பக்கத்துக்கும்.

மறுநாள் முதல்வர் சிதம்பரநாதன் கூப்பிட்டுவிட்டார்.

"என்னம்மா இது? தடுப்புப் பொறுப்பாளரே நோய்க்காரப் பயலுவளச் சேத்து வச்சுக் கிளாஸ் எடுக்குறீங்களாமே?"

"தனியாத்தான் சார் வச்சிருக்கேன். வீட்டுக்கு அனுப்புனா போவ மாட்டேங்கிறானுவ. கண்ணாடியை மாட்டிக்கிட்டு உள்ளதான் உக்காருவானுவ."

"சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்தவனுக்கு வருகை போட முடியாதும்மா. கண் செவந்தா வீடு. உத்தரவு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அறையில் மின்விளக்கு எரிந்தது. முதல்வர் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார்.

"அப்ப நீங்க ஏன் சார் வீட்டுக்குப் போவல?"

அவர் கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"கமிட்டி மீட்டிங் இருக்கும்மா" என்றார் முதல்வர், பரிதாபமாக. பிறகு, "சரி, நடத்துங்க. என்னைப் பாக்காமப் போங்க."

"பாத்தா ஒட்டாது சார்!" என்று கத்திவிட்டு வந்தார் இசபெல்லா. கதவுப் பிடியைத் தொட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

இரண்டு நாளில் அவர் கண்ணும் சிவந்தது. பொறுப்பாளர் என்ற முறையில் தன்னைத் தானே வகுப்பிலிருந்து வெளியேற்றிக்கொண்டு, சைக்கிள் கொட்டகைக்குப் போய், அங்கிருந்து ஜன்னல் வழியாக உள்ளே இருந்தவர்களுக்கும் சேர்த்துக் கத்தி, குவிவில்லையும் குழிவில்லையும் நடத்தி முடித்தார். மருதையனுக்கு வருகை போட்டார். அவன் தேர்வு எழுதினான்.