அக்காவின் பிக்கப்பில் நான் தலைகீழாய் மாட்டிய ஆக்சில்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். எங்கள் அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. "அம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதணும் மாமா" என்று அவருடைய மகள் கலா தாளையும் பேனாவையும் என் கையில் திணித்துவிட்டாள். நான் ஈப்போ, புந்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். எனக்கு எழுத்து பழக்கமில்லை. தெரிந்ததைத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது சித்தியவான் பக்கம் ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். வீட்டுக்கு மூத்தவர் அக்கா, கடைசி நான். அப்பா காலமானபோது அக்கா ஆறாம் வகுப்பை முடித்திருந்தார். மறுவாரமே வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு மரம் வெட்டப் போய்விட்டார். அவர் படிப்பை நிறுத்தியதால்தான் நான் படித்தேன். இதை அவர் ஒருநாளும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்காட்டுவார்.

தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டதும் நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்தோம். அக்காவுக்குத் திருமணமாகிக் கலா பிறந்தாள். அத்தான் சீக்கிரமே காலமாகிவிட்டார். குழந்தையை வைத்துக்கொண்டு அக்கா வாழை இலை வியாபாரத்தைத் தொடங்கினார். அதற்காக வாங்கியதுதான் நீங்கள் எல்லோரும் அறிந்த அந்த நீல நிறப் பிக்கப். வாங்கும்போதே அது கிழம். பாகான் செராய் வரைக்கும் போய் இலை ஏற்றி வந்து, ஈப்போ சாப்பாட்டுக் கடைகளுக்குப் காலைப் பசியாறும் நேரத்துக்குள் போட்டுவிடுவார். என்னைப் பட்டறை வேலைக்கு அனுப்பியதும் அவர்தான். "இந்த வண்டி அடிக்கடி படுத்துக்குது, வீட்டுலயே ஒரு மெக்கானிக் இருந்தா நல்லது" என்று காரணம் சொன்னார். என் தொழிலே அந்தப் பிக்கப் போட்ட சோறுதான்.

கலா படித்து ஆசிரியையாகித் தைப்பிங்கில் வேலைக்குப் போன பிறகும் அக்கா இலை போடுவதை நிறுத்தவில்லை. பக்கவாதம் வந்துதான் அவரை நிறுத்தியது. பேச்சு திரும்பியது, கையும் சரியானது. இடது கால் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. கிளட்சை மிதிக்க முடியாமல் போனது. பிக்கப்பைக் கித்தான் போட்டு மூடினோம். கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் நாங்கள் ஆளுக்கொரு நாள் அவரை அழைத்துப் போனோம். ஒருநாள் என் காரிலிருந்து இறங்கும்போது சொன்னார்.

"என்னை வாழ இலக் கட்டு மாதிரி ஏத்துறீங்க, எறக்குறீங்க. எனக்குப் போதும்பா."

அடுத்த வாரம் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, கிளட்ச் இல்லாத எஞ்சின் என் வண்டிக்குள்ள போகுமா?"

"அதுக்குச் சின்னதா ஒரு ஆட்டோ கியர் காரு வாங்கிக்கலாம்லா அக்கா."

"காருல இல ஏறுமா? முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு."

முடியும் என்றேன். கலாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், பெற்ற தாயைப் பற்றிய பயம் அது. மருத்துவர் அக்காவின் வலது காலையும் கையையும் கண்ணையும் சோதித்து, ஓட்டலாம் என்று கடிதமே கொடுத்தார். அதன் பிறகும் கலா ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரே ஒரு தடவ தப்பு நடந்தாலும் சாவி என்கிட்ட வந்துரணும்மா. அப்புறம் கேக்கக் கூடாது." அக்கா சரி என்று தலையாட்டினார்.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வண்டிகளை விற்கும் ஹாஃப்கட் கடையில், ஆட்டோ கியரோடு ஓர் எஞ்சின் எடுத்தேன். அதைத் தாங்கக் கூடிய பின் ஆக்சில் பிக்கப்பில் இல்லை. இருந்தது தேய்ந்து, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனாலே ஊளையிடும். பழைய வண்டிகளை வெட்டும் கடையில் வேறொரு ஆக்சில் கிடைத்தது. ஸ்பிரிங் பட்டை உட்காரும் இரும்புகளை அந்தக் கடையிலேயே அறுத்து எடுத்திருந்தார்கள். புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். எது மேல்பக்கம் என்று மறக்காமல் இருக்கச் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, பட்டறை ஓரத்தில் கிடத்தினேன். எஞ்சின் மாற்றத்துக்கு அனுமதி கேட்டுப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் இரண்டு மூன்று முறை நடந்தேன்.

அக்கா தினமும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். சும்மா இருக்கத் தெரியாதவர். அழுக்கைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஒரு மதியம் நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அந்த ஆக்சிலைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். குறியைக் காணோம். நான் அப்போதே நிதானித்துப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருடம் பார்த்த கண்ணுக்குக் குறி எதற்கு என்ற மிதப்பு. வெல்டிங் போடும் நண்பர் ஆ மெங்கிடம் இந்தப் பக்கம்தான் என்று காட்டிவிட்டேன்.

வேலை முடிந்தது. வண்டியை முதலில் நகர்த்துவது தானேதான் என்று அக்கா முன்பே சொல்லிவைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். கலா தைப்பிங்கிலிருந்து வந்திருந்தாள். அக்கா ஏறி உட்கார்ந்து, சாமி கும்பிட்டு, முன்னால் போகும் கியரைப் போட்டார். வண்டி பின்னால் போனது. அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியை நசுக்கிவிட்டு நின்றது. எலுமிச்சம்பழங்கள் வைத்தபடி கிடந்தன.

கலா ஓடிப்போய்ச் சாவிக்குக் கையை நீட்டினாள். "இதுக்குத்தான் வேணாம்னு சொன்னேன்." அக்கா கியரைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். என் வாழ்நாளில் அந்த முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

"நான்தான் மாத்திப் போட்டுட்டேனா தம்பி?"

நான் ஏறி அதே கியரைப் போட்டேன். எனக்கும் பின்னால்தான் போனது. ரிவர்ஸில் போட்டால் முன்னால் வந்தது. கீழே படுத்துப் பார்த்தபோது விளங்கிவிட்டது. ஆக்சில் தலைகீழாக இருந்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். அக்கா குறியைத் துடைத்த மண்ணெண்ணெய்த் துணியும் நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னால் அக்கா தன் கையாலேயே சாவியைக் கலாவிடம் கொடுத்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் வெளியே வந்து, "உங்க மேல தப்பு இல்லக்கா. நான்தான் கவனமில்லாம ஆக்சில தலகீழா மாட்டிட்டேன்" என்றேன். கலா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

மறுபடி கழற்றினேன். இம்முறை சாக்பீஸை நம்பாமல் உளியால் வெட்டிக் குறி வைத்தேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு எலுமிச்சம்பழங்களும் நசுங்கின. கலா பக்கத்தில் ஏறிக்கொள்ள, அக்கா தைப்பிங் வரைக்கும் ஓட்டிப் போனார். அன்று நான் பட்டறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு பத்து மாதம் ஓட்டினார். வாரம் இரண்டு நாள் இலையும் போட்டார். போகும் இடமெல்லாம், "என் தம்பி செஞ்ச வண்டி, மொதல்ல பின்னாலதான் போச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். உங்களில் பலர் கல்யாண வீடுகளில் என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டேன்.

கடைசியில் இதயம் பலவீனமாகி ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தார். "வண்டிய மூடி வைக்காத, ஓட்டு" என்று என்னிடம் சொன்னார். கலாவும் நானும் அருகில் இருக்க, ஒரு காலை நேரத்தில் அமைதியாகப் போய்விட்டார்.

அக்காவைத் தாய்போல் கவனித்த தாதியருக்கும், எங்களுக்காகத் தோட்டத்து இலை வெட்டித் தந்த பாகான் செராய் குடும்பத்தாருக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டுக்குப் பசியாற அனுப்பிய சாப்பாட்டுக்கடை பாய்க்கும், இறுதி யாத்திரையில் பிக்கப்பை ஓட்டி வந்த ஆ மெங்கிற்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதுவரை எழுதியதைக் கலாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"தான் தொடச்சதுலதான் குறி போச்சுன்னு அம்மாவுக்குத் தெரியும் மாமா. நீங்க உளியால குறி வச்சப்பவே புரிஞ்சிருச்சாம். ஆஸ்பத்திரியில என்கிட்ட சொன்னாங்க."

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் என் தப்புன்னு சொன்னாங்க?"

"'சின்ன வயசுலேருந்து எல்லாத்தையும் நான்தான் சொமந்தேன். அவன் எனக்காக ஆசப்பட்டு ஒண்ணச் சொமக்குறான், சொமக்கட்டும்'னாங்க."

மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ஆகவே உறவினர்களே, அந்த ஆக்சிலைத் தலைகீழாய் மாட்டியது நான்தான். எங்கே கண்டாலும் என்னை அப்படியே கேலி செய்யுங்கள்.