மட்டாஞ்சேரியில் ஒரு சக்கர நாற்காலி

கொச்சி மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குத் தெருவில் அம்மா கால் பிசகி உட்கார்ந்துவிடுகிறார். அரிசி லாரிகள் அடைத்து நிற்பதால் ஆட்டோ நுழைய வழியில்லை. சாயாக்கடைச் சேட்டன் குரல் கொடுக்கிறார். எதிர்வீட்டிலிருந்து, மாநகராட்சித் துப்புரவுச் சீருடையில் ஒரு தமிழ்ப் பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள்.

"இது யாரோடதும்மா?" என்கிறேன்.

"இங்கத்த சேவா கிளப்போடது சேச்சி. யார் கேட்டாலும் சும்மா கொடுப்பாங்க. எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையானப்போ, கடைசிவரைக்கும் அவங்க கொடுத்த கட்டில்லதான் கிடந்தாரு. அவர் போனப்புறம், இதெல்லாம் நானே பார்த்துக்கிறேன்னு சாமான் ரூம் சாவியைக் கேட்டு வாங்கிட்டேன்."

லாரிகளுக்கு நடுவே வளைத்து வளைத்து, டாக்டர் வீடுவரை அவளே தள்ளுகிறாள். எலும்பு முறியவில்லை என்கிறார் டாக்டர். அம்மா அவளுடைய இரு கைகளையும் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொள்கிறார்.