கூடத்துச் சுவரில் ஒட்டிய டேப்

வீட்டுக் கூடத்தின் குறுக்கே சுவர் எழுப்புவதாக நானும் தம்பியும் பேசி முடித்தோம். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரிய சண்டை என்று எதுவுமில்லை. இரண்டு குடும்பம், இரண்டு அடுப்பு, பேச்சு குறைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். கொத்தனார் வந்து அளந்து, எதிரெதிர்ச் சுவர்களில் மேலிருந்து தரை வரை பழுப்பு நிற பேக்கிங் டேப்பை ஒட்டி, இதுதான் லைன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏலக்காய் பறிப்பு முடியட்டும், ஆரம்பிக்கலாம் என்றான் தம்பி. அவன் போடிமெட்டுக்கு மேலே தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். எனக்கு போடியிலேயே ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கும் வேலை.

பறிப்பு முடிந்தது. அப்புறம் மழை. அப்புறம் கொத்தனாருக்கு வேறு ஊரில் சோலி. இரண்டு வருஷம் டேப் அப்படியே இருந்தது.

இந்த வருஷப் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தம்பியை ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். மலை இறங்கி முடிவதற்குள் உயிர் போய்விட்டது. குளிர்பெட்டியைக் கூடத்தில் வைத்தோம். வேறு எந்த அறையிலும் அது நுழையாது. வந்தவர்கள் அழுதார்கள். நான் நாற்காலி போட்டேன், டீ சொல்லிவிட்டேன், கொள்ளி வைக்க அவன் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று சில நாள் எதிர்பார்த்தேன். பிறகு அந்த எதிர்பார்ப்பும் இல்லை.

கருமாதி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி மனைவி என்னிடம் நேராக வந்து பேசினாள். அதுவரை எதுவானாலும் என் மனைவி மூலமாகத்தான் சொல்லுவாள்.

"மச்சான், சுவர் வேணாம். அந்த டேப்ப எடுத்துருவோம்."

சரி என்றேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஸ்டூலில் ஏறி ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். டேப்போடு பெயிண்டும் சில்லாகப் பெயர்ந்து, அடியில் பூசியிருந்த வெள்ளைப் பட்டி தெரிந்தது. நிறுத்திவிட்டு, கடைத்தெருவில் பெயிண்ட் கடைக்குப் போய்க் கேட்டேன். தின்னர் பக்கமே போக வேண்டாம், பெயிண்டும் கரைந்து வந்துவிடும் என்றார் கடைக்காரர். சூடு காட்டி மெதுவாக உரிக்க வேண்டுமாம். மிச்சப் பசைக்கு, கீழே இடுப்பளவு எனாமல் அடித்திருக்கும் இடத்தில் தேங்காயெண்ணெய் தடவலாம். மேலே டிஸ்டெம்பரில் எண்ணெய் பட்டால் கறை நின்றுவிடும், அங்கே பென்சில் அழிக்கும் ரப்பர்தான் என்றார். எதுவானாலும் முதலில் கதவுக்குப் பின்னால் கொஞ்சம் செய்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

என் மகளின் ஹேர் டிரையரைத் தம்பி மனைவி பிடித்துக்கொண்டாள். சூடு பட்டதும் டேப் இளகியது. இழுக்காமல், சுவரோடு ஒட்டினாற்போல மடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். இரண்டு வருஷப் பசை சில இடங்களில் மெழுகு மாதிரி காய்ந்துபோயிருந்தது. ரப்பரால் தேய்த்தால் சிறு சிறு உருண்டையாகத் திரண்டு உதிர்ந்தது. கீழே அவள் எண்ணெய் தொட்ட துணியைப் பசைமேல் அழுத்தி வைத்து, ஊறவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தாள். என் கவனம் முழுக்க நகக்கண்ணில் ஒட்டிய பசையில்தான் இருந்தது. ஒரு மனிதன் செத்துப்போன வீட்டில் இப்படி இருக்கிறோமே என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது சுவருக்கு வந்தபோது அவளே சொன்னாள்.

"ஒங்க பக்கத்து டிவி சத்தம் கேட்டாத்தான் பய தூங்குறான் மச்சான். அதான் சுவர் வேணாம்னேன்."

நான் தலையாட்டினேன். டிரையர் சூடாகிவிட்டதால் கொஞ்ச நேரம் அணைத்துவைத்தோம்.

முடிந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. முதலில் பெயர்ந்த அந்த ஓர் இடம் தவிர சுவருக்குச் சேதமில்லை. டேப் இருந்த இடத்தில் பழைய நிறம் மங்காமல் பட்டையாகத் தெரிந்தது. மறுபடி பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டாள். பொங்கலுக்குப் பார்ப்போம் என்றேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு தன் அடுப்படிக்குப் போனாள்.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து போன் வந்தது. தம்பியிடம் வேலை பார்த்தவர். பறிக்காத காய் செடியிலேயே பழுத்து வீணாகிறது, ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போகிறார்கள் என்றார். யார் பார்ப்பது என்று கேட்டார்.

"நான் வர்றேன்" என்றேன்.

மறுநாள் காலை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஆட்கள் ஏறும் முதல் ஜீப்பில் ஏறினேன்.