ஏழாம் வாய்ப்பாட்டைப் பாடிய அமெரிக்கக்காரி

இரண்டாம் உலகப் போர் நடந்த வருஷங்களில் கப்பலில் வரவேண்டியது எதுவும் பம்பாய்க்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. அந்தத் தட்டுப்பாட்டினால்தான் ஒரு பெரிய பாடகி தாராவிக்கு வந்தார். கடற்கரையோரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் நடனக் குழுவோடு பாடிக்கொண்டிருந்த கறுப்பின அமெரிக்கர் அவர். அவருடைய கணவர் அதே குழுவில் டிரம் வாசித்தார். அந்த டிரம்மின் தோல் கிழிந்துவிட்டது. மாற்றுத் தோல் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும், வர வழியில்லை. டாக்சிக்காரரிடம் தோல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்திருக்கிறார்கள். அவர் ஒரே வார்த்தையில் "தாராவி" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. முடித்துவிட்டு மாட்டுங்காவில் வீட்டோடு இருந்தேன். மாப்பிள்ளை தேடி என் ஜாதகம் ஊர் ஊராகப் போய்வந்துகொண்டிருந்தது. சும்மா இருப்பானேன் என்று தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிறு காலைகளில் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடம் என்றால் தோல் உலர்த்தும் கொட்டகைதான். அதை நடத்தியவரைத் தாராவியே பெரியக்கா என்று கூப்பிட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பம். தொட்டிகளில் முங்கி எழுந்து அவர் கைகள் முழங்கைவரை பழுப்பேறியிருக்கும். கிடங்கு முதலாளியிடம் தினமும் போய் நின்று, "கொட்டகையத் தாங்க, பிள்ளைக படிக்கணும்" என்று கேட்டுக்கேட்டு அவரைச் சலிக்கவைத்தே வாங்கியதாகச் சொல்வார்கள்.

அன்றைக்கு நான் ஏழாம் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். வாசலில் நிழல் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், பூப்போட்ட கவுனும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு நெடிய பெண்மணி. அவருக்குப் பின்னால், கையில் சுருட்டிய கன்றுத்தோலோடு ஒரு மனிதர். அந்தப் பெண்மணி கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் 'மூவேழு' என்றதும் இவர் இரண்டு கைதட்டல்களை நடுவே செருகினார். 'இருபத்தொண்ணு' என்றதும் தொண்டையிலிருந்து ஒரு ஸ்வரம் கிளம்பிக் கூரைத் தகரத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. பிள்ளைகள் விடவில்லை. நாலேழு, ஐயேழு என்று மேலே மேலே போனார்கள். அவரும் போனார். தோலைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டுக் கதவுப் பலகையில் விரல்களால் தாளம் போட ஆரம்பித்தார். பத்தேழு எழுபதில் வாய்ப்பாடு முடிந்தபோது யாருக்கும் நிறுத்த மனம் வரவில்லை. மறுபடியும் ஓரேழிலிருந்து தொடங்கினோம்.

சத்தம் கேட்டுப் பெரியக்கா ஓடிவந்தார். வந்தவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"திருநவேலிப் பக்கம் எந்த ஊரும்மா? எங்க சித்தி மவ சாடையில்லா இருக்கு!"

அதை நான் இங்கிலீஷில் சொன்னதும் அந்தப் பாடகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் அம்மாவும் இப்படித்தான், யாரைப் பார்த்தாலும் உறவு கண்டுபிடிப்பாள் என்றார். பெரியக்கா அவருக்குச் சுடச்சுட டீ கொடுத்தார். தோல் கிடங்கின் நாற்றத்தில் மூக்கைச் சுளிக்காமல் டீ குடித்த முதல் வெளியாள் அவர்தான் என்று பெரியக்கா பிறகு என்னிடம் சொன்னார். அந்த வெளியாட்கள் கணக்கில் நானும் உண்டு.

அடுத்த ஞாயிறும் டாக்சி வந்தது. அதற்கடுத்த ஞாயிறும். ராத்திரி முழுக்கப் பாடிவிட்டுத் தூங்காத கண்களோடு வருவார். இங்கிலீஷ் எழுத்துகளைப் பாட்டாக்கினார். கிழிந்த செய்தித்தாள் துண்டுகளைக் கொடுத்து, படித்த வரியை மெட்டுப்போட்டுப் பாடச் சொன்னார். அரிசி ரேஷன் அறிவிப்பு ஒன்றை எங்கள் பிள்ளைகள் மூன்று குரலில் பாடியதைக் கேட்டவர்களுக்கு ரேஷன் அரிசியின் கல்கூட மறந்துபோயிருக்கும். தாய்மார்கள் இடுப்புக் குழந்தையோடு வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். மாஹிம் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். கொட்டகை நிரம்பி, தோல் காயப்போடும் மூங்கில்களின் மேலெல்லாம் தலைகள் தெரிந்தன. நான் கணக்குப் போட்ட சிலேட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

செய்தி மாட்டுங்காவுக்கு எட்டாமல் இருக்குமா? என் அப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. எங்கள் பேட்டையின் சங்கீத சபைக்குக் காரியதரிசியும் அவரே. சபைக்காரர்களுக்கு ஒரே பரபரப்பு. அமெரிக்கக் கலைஞர், நம் குழந்தைகளுக்குக் கல்வி, உடனே ஒரு பாராட்டு விழா என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். பொன்னாடைக்குச் சொல்லியாயிற்று. தாராவிப் பிள்ளைகள் பாடவேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். அப்புறம்தான் ஒரு உறுப்பினர் மெல்ல ஆரம்பித்தாராம்: பிள்ளைகள் பின்வாசல் வழியாக வந்து, பாடிவிட்டு, அப்படியே போய்விட்டால் சௌகரியம் என்று. யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்பாவும்தான்.

அதைப் பாடகியிடம் சொல்லவேண்டிய வேலை எனக்கு. அவர் கோபப்படவில்லை. தனக்கு எந்த வாசல் என்று மட்டும் கேட்டார். முன்வாசல் என்று சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் ஒரு சுழற்றுச் சுழற்றினார்.

"எங்கள் ஊரில் பெரிய பெரிய அரங்குகளில் பாடியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சமையலறை வழியாகத்தான் போனேன். அந்த வழி எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளோடு நானும் அப்படியே வந்துவிடுகிறேன்" என்றார்.

பிறகு, பொன்னாடையையும் பின்வாசலிலேயே போட்டுவிடலாமே, காற்றாவது வரும் என்று சேர்த்துக்கொண்டார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்துவிட்டார்.

வீட்டில் அப்பாவிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். கையிலிருந்த காபி ஆறும்வரை நின்றார். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு கமிட்டிக்குப் போனார். போனவர் என்ன பேசினார் என்று எனக்கு மற்றவர்கள் மூலம்தான் தெரியவந்தது.

"எல்லாரும் முன்வாசல் வழியாத்தான் வரப்போறா. யாருக்காவது சிரமமா இருந்தா அவா பின்வாசல் வழியா வரட்டும். நான் வேணும்னா அவாளுக்குத் துணைக்கு வரேன்."

யாரும் துணை கேட்கவில்லையாம்.

விழாவன்று மாலை நாங்கள் தாராவியிலிருந்து நடந்தே புறப்பட்டோம். டிரம் செட்டை ஒரு கைவண்டியில் ஏற்றி, பாடகியின் கணவரையும் அதன்மேல் உட்காரவைத்தார்கள். இரண்டு பேர் முன்னால் இழுக்க, பிள்ளைகள் பின்னால் தள்ளினார்கள். அவர் வாசித்துக்கொண்டே வந்தார். பள்ளம் வந்த இடத்திலெல்லாம் தாளம் ஒரு துள்ளு துள்ளியது; அதையும் அவர் வாசிப்பில் சேர்த்துக்கொண்டார். தெற்கத்தி மேளக்காரர்கள் சிலர் தவிலும் பறையுமாக வந்து கலந்தார்கள். ரயில் பாலத்தின் மேல் ஏறியபோது கீழே ஒரு லோக்கல் வண்டி கூவிக்கொண்டு போனது. பாடகி அதே சுருதியில் பதிலுக்குக் கூவினார். பாலமே கைகொட்டிச் சிரித்தது போலிருந்தது. நான் ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் யாருடைய குழந்தை என்றே தெரியாத குழந்தையுமாக நடந்தேன். ஓடினேன் என்பதே சரி. மாட்டுங்காவின் மாடிகளில் எல்லாம் முகங்கள். பூக்கடைக்காரர் ஒருவர், என்ன விசேஷம் என்றுகூடக் கேட்காமல், கையில் இருந்த உதிரிப்பூவை வண்டிமேல் வீசினார்.

சபையின் முன்வாசலில் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். கைவண்டி, மேளம், பிள்ளைகள், தாய்மார்கள் என்று உள்ளே போக அவர் ஓயாமல் சந்தனம் கொடுத்தார். சந்தனம் தீர்ந்ததும் வெறும் கையைக் கூப்பினார்.

ஒரு பெண்ணுக்கு ஆண்கள் பொன்னாடை போர்த்துவது முறையா என்று யோசித்து அந்தப் பொறுப்பை என்னிடம் தள்ளியிருந்தார்கள். அவருடைய உயரத்துக்கு என் கை எட்டாது. ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஏறினேன். முக்காலி ஆடியது. பொன்னாடையோடு நான் அவர் மேலேயே சாய, அவர் என்னைக் குழந்தை மாதிரி இடுப்பில் வாங்கிக்கொண்டார். சபை சிரிப்பில் அதிர்ந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அத்தை, மாப்பிள்ளை வீட்டார் யாரும் வந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டாளாம்.

என்னை இறக்கிவிட்டு அவர் மைக்குக்குப் போனார். அவர் பேசப் பேச நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். தன் ஊரில் நூலகத்துக்குள் தன்னைப் போன்ற பிள்ளைகளை விடாத காலத்தில், தன் அம்மா மாதாகோயிலின் நிலவறையில் பள்ளிக்கூடம் நடத்தியதைச் சொன்னார். தாராவிக் கொட்டகையைப் பார்த்தபோது அம்மாவையே பார்த்த மாதிரி இருந்ததாம். "நான் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. இந்தத் துணிக்கு உரியவர் அங்கே நிற்கிறார்" என்று கடைசி வரிசையைக் காட்டினார்.

பெரியக்கா தூணுக்குப் பின்னால் நகர்ந்தார். பிள்ளைகள் விடுவார்களா? தள்ளிக்கொண்டே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இருந்ததோ ஒரே பொன்னாடை. பாடகி அதைக் கழற்றவில்லை. பாதியை விரித்துப் பெரியக்காவின் தோளையும் இழுத்து உள்ளே சேர்த்துக்கொண்டார். ஒரு ஜரிகைத் துணிக்குள் இரண்டு பேர், ஒருவர் நெடுமரம், ஒருவர் அவர் தோளுக்கும் கீழே. பேசச் சொன்னதும் பெரியக்கா மைக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தார்.

"பெருசா ஒண்ணும் சொல்லத் தெரியாது. பிள்ளைகள அனுப்புங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்."

நான் பார்த்தவரை அந்த மேடையில் அவ்வளவு கைதட்டல் எந்த வித்வானுக்கும் கிடைத்ததில்லை.

சபைச் சமையல்காரர் செய்திருந்த கேசரி, வந்த கூட்டத்தில் கால்வாசிக்குக்கூடப் போதவில்லை. மாட்டுங்காப் பெண்கள் எழுந்து தங்கள் வீடுகளுக்கு ஓடினார்கள். ஒருத்தி தோசைமாவையே குண்டானோடு தூக்கிவந்தாள். இன்னொருத்தி அப்பளம், ஊறுகாய், காலையில் செய்த புளியோதரை. என் அத்தை தன் முறுக்கு டப்பாவைத் திறந்து, தாராவித் தாய்மார்களின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். போர்க் கெடுபிடி என்று யாராவது சொல்லியிருந்தால் அன்று நம்பியிருக்கமாட்டோம்.

அதற்குப் பிறகு ஞாயிறு வகுப்பு சபையின் பெரிய ஹாலிலேயே நடந்தது. போர் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் பாடகியும் கணவரும் ஊர் திரும்பினார்கள். வழியனுப்பத் துறைமுகத்துக்கு நாங்கள் ஒரு பெரும் படையாகப் போனோம். கப்பல் நகர்ந்தபோது, கேட்கவே கேட்காது என்று தெரிந்தும் பெரியக்கா கையைக் குவித்துக் கத்தினார்.

"ஏளா, போயி உங்கம்மாவக் கேட்டதாச் சொல்லு!"

மேல்தட்டில் வெள்ளைத் தொப்பி ஒன்று வேகவேகமாக அசைந்தது.