ஏழுமலையின் மூன்றாவது வீச்சு

நேற்றுச் சாயங்காலம் டிவியில் உலகத் தடகளப் போட்டி. ஆண்கள் சம்மட்டி எறிதல், இறுதிச் சுற்று. பேர்தான் சம்மட்டி. உண்மையில் கம்பி முனையில் ஓர் இரும்புக் குண்டு. மறுமுனையிலுள்ள பிடியை இரண்டு கையாலும் பற்றி, வட்டத்துக்குள் பம்பரமாகச் சுழன்று விட்டெறிய வேண்டும். "இதெல்லாம் ஒரு வெளையாட்டா? சீரியல் போடுங்க" என்றாள் மனைவி. நான் ரிமோட்டைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன்.

அந்தக் குண்டைப் பார்த்ததும் மூக்கில் ஆயில் வாசம் ஏறிவிட்டது. வாலிபத்தில் நான் வேலை பார்த்த மண்ணூர்பேட்டை லேத் பட்டறை வாசம் அது. எத்தனை தடவை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். எனக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மெஷினில் ஏழுமலை. முத்தாபுதுப்பேட்டைக்காரன், நல்ல உடம்பு, பள்ளிக்கூடத்திலேயே குண்டு சுற்றியவன். தேர்வுப் போட்டியில் முதலாவதாக வந்தால் விளையாட்டு கோட்டாவில் அரசாங்க வேலை. பாவி, அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தான்.

பழகுவதற்கு ஃபோர்மேன் குப்புசாமி அண்ணன் மீந்துபோன இரும்பில் ஒரு குண்டு கடைந்து கொடுத்தார். பட்டறைக்காரர்கள் எதையும் எடுத்த எடுப்பில் சரியான அளவுக்குக் கடைய மாட்டோம். கொஞ்சம் கூடுதலாகவே விட்டுவைப்போம். கழித்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாதே.

"இன்னா அண்ணாத்தே, வெயிட்டா கீதே?" என்றான் ஏழுமலை.

"இருக்கட்டும் நைனா. அப்பால கழிச்சிக்கலாம்."

அந்த அப்பால வரவேயில்லை. அதே குண்டை ஊருக்கு வெளியே பொட்டலில் ஞாயிறுதோறும் சுற்றினான். ஓடிப்போய்ப் பொறுக்கி வருவது என் உத்தியோகம். குண்டு விழுந்த இடமெல்லாம் பள்ளமாகும், மாடு மேய்க்க வருபவர்கள் எங்களைக் கண்டபடி திட்டுவார்கள்.

போட்டியில் அவர்கள் கொடுக்கிற குண்டைத்தான் எறிய வேண்டும். கையில் வாங்கியதும் ஏழுமலைக்கு வாயெல்லாம் பல். "மச்சான், பூ மாதிரி கீதுடா!" எனக்கும் ஒரே குஷி. அங்கேதான் கோட்டை விட்டோம். கனத்துக்குப் பழகிய உடம்பு. லேசான குண்டு அவனை முந்திக்கொண்டு சுற்றியது. முதல் வீச்சு, வட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வலையில் அடித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வலையைத் தாண்டியது. யம்மாடி, என்ன வீச்சு! அன்றைக்கு எறிந்த அத்தனை பேரையும் தாண்டிப் போய் விழுந்தது, ஆனால் ஓரக்கோட்டுக்கு வெளியே. சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார்கள்.

ஏழுமலை கொடி தூக்கியவரிடம் ஓடினான். "சார், எவ்ளோ போச்சுன்னாவது அளந்து சொல்லு சார்."

"ஃபவுலுக்கெல்லாம் டேப் புடிக்க மாட்டோம்பா. அடுத்த ஆளு!"

வேலை வேறொருவனுக்குப் போனது. ஏழுமலை திங்கட்கிழமை வழக்கம்போல் மெஷினில் நின்றான். குப்புசாமி அண்ணன்தான் ரொம்ப நாள் அவன் முகத்தைப் பார்க்காமலே வேலை சொன்னார்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம். பொட்டலெல்லாம் அடுக்குமாடி. போட்டி நடந்த மைதானத்தையும் மனை போட்டு விற்றுவிட்டார்கள். அந்த மூன்றாவது குண்டு விழுந்த இடம் யார் வீட்டுச் சமையற்கட்டோ.

இறுதிச் சுற்று முடிந்ததும் ஏழுமலைக்கு போன் போட்டேன். திருமுல்லைவாயிலில் மகனோடு இருக்கிறான். அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"இன்னாமா போடறானுங்க மச்சான்! நம்மளுது இதுல பாதிகூட வராது."

"வராதுதான்" என்றேன்.

போனை வைக்கப் போனேன்.

"வருதோ வரலியோ," என்றான், "அத்த அளந்திருக்கலாம்டா."